பிரிக்காத எஞ்சின்

மே 26, திங்கள்

பிரஷர் 130/80. மூச்சு: படியேறினால் வாங்குகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது.

டாக்டர் தினமும் எழுதச் சொன்னது இவ்வளவுதான். மீதிப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கிய நோட்டு, சும்மா விட மனசு வரவில்லை.

விஷயம் இது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறுகிற இடத்தில் ஒரு வால்வு இருக்கிறதாம். எனக்கு அது சுருங்கிவிட்டது. "கதவு முழுசா திறக்க மாட்டேங்குது" என்றார் டாக்டர். நெஞ்சைத் திறந்து வேறு வால்வு போட வேண்டும். ஜூன் ஒன்பதாம் தேதி என்று குறித்திருக்கிறார்கள். அதுவரை கடைக்குப் போகக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, படியேறக்கூடாது. எங்கள் வீடு சிந்தாதிரிப்பேட்டையில் இரண்டாவது மாடி. ஆக, இறங்கவே கூடாது என்று அர்த்தம்.

நான் புதுப்பேட்டையில் பழைய கார்களை உடைத்து உதிரிபாகம் விற்கிறவன். இன்னொருவன் கடையில் மண்ணெண்ணெயில் கியர் கழுவ ஆரம்பித்து, இன்று சொந்தக் கடை. வால்வு என்றால் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

"மாட்டுத் திசுல செஞ்சது ஒண்ணு இருக்கு, பத்து பதினஞ்சு வருஷம் வரும். மெட்டல்னா ஆயுசுக்கும் உழைக்கும், ஆனா தினம் மாத்திரை போடணும்" என்றார்.

"எது சார் ஒரிஜினல்?" என்று கேட்டேன்.

சிரித்தார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மெட்டல் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு தடவை திறப்பதற்கு ஆள் நானில்லை.

எஞ்சின் கேட்டு வருகிறவனிடம் நான் எடுத்ததும் சொல்வது, "பிரிக்காத எஞ்சின் சார்." அந்த வார்த்தைக்குத்தான் விலை. கம்பெனியில் முறுக்கிய போல்ட்டை ஒரு தடவை கழற்றிவிட்டால் அப்புறம் அது வேறு எஞ்சின். எந்த மெக்கானிக் மாட்டினாலும் எங்கேயோ கசியும், சத்தம் மாறும், ஏற்றத்தில் காலை வாரும். எத்தனை பார்த்திருக்கிறேன். இதை டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் தொழில் அவருக்கு.

மே 28, புதன்

கடையை சுலோச்சனா பார்த்துக்கொள்கிறாள். என் மனைவி கல்லாவில் உட்காருவது இதுதான் முதல் தடவை. சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஆரம்பித்தாள்.

"நீங்க சொன்ன வெலைய சொன்னா மூஞ்சிக்கு நேரா சிரிக்கிறானுங்க. அட, இவ்ளோ கம்மியான்னு. நான் ஏத்திச் சொன்னேன். மூச்சு வுடாம வாங்கிக்கினு போறான்."

பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. கடை போன் மட்டும் என்னிடம் இருக்கிறது. காலையில் வரும் முதல் அழைப்பு, அதாவது போணி, என் வாயால்தான் பேசி முடிக்க வேண்டும். அதை அவளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

மீதி நேரம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஃபேன் பேரிங் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். கழற்றலாம் என்று ஸ்டூலை இழுத்தபோது மோனிஷா அறையிலிருந்து பாய்ந்து வந்தாள். என் மகள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே.

"அப்பா, நீ இப்பிடியே பண்ணினு இருந்தன்னா நான் வேலைய எழுதிக் குடுத்துட்டு உன் பக்கத்துலயே ஒக்காந்துருவேன். ஒக்காரு."

தன் பழைய கம்ப்யூட்டரை ஹாலில் வைத்து, காதில் மாட்டுகிற மைக்கும் கொடுத்து, ஓர் ஆட்டத்தைப் போட்டுவிட்டாள். கைவிட்ட துறைமுகம் ஒன்று. பத்துப் பதினைந்து பேர் ஆளுக்கொரு மூலையில் இறங்குகிறோம். எல்லாரும் எங்கெங்கோ வீட்டில் உட்கார்ந்து ஆடும் நிஜ மனிதர்கள். உள்ளே கிடக்கிற சாமானைப் பொறுக்கிக்கொண்டு, நேரம் முடிவதற்குள் வெளிவாசலைத் தாண்ட வேண்டும். தாண்டினால் எடுத்தது நம்முடையது, நம் லாக்கரில் சேரும். நடுவில் செத்தால் கொண்டுபோன துப்பாக்கி, கவசம், பை எல்லாம் கொன்றவனுக்கு.

"ஜெயிக்கிறது எப்பிடி?"

"ஜெயிக்கிறதெல்லாம் இல்லப்பா. உள்ள போய்ட்டு உயிரோட வெளிய வரணும். அவ்ளோதான் ஆட்டம்."

பிரஷர் எழுத மறந்துவிட்டேன்.

மே 30, வெள்ளி

எத்தனை தடவை செத்தேன் என்று எண்ணவில்லை. ஓடினால் சாகிறேன், நின்றால் சாகிறேன். இன்று காலை முதல் ஆட்டத்தில் ஒரு கிடங்கு வாசலில் எதிரே ஒருவன் வந்தான். என் துப்பாக்கி அவன் நெஞ்சுக்கு நேராக இருந்தது. கை நின்றுவிட்டது. அன்றைக்கு முதலில் வருகிறவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, விரட்டக்கூடாது, அவனிடம் பேச்சு மாறக்கூடாது. போணி போனால் நாள் போச்சு. இது ரத்தத்தில் ஊறியது, ஆட்டம் என்று அதற்குத் தெரியுமா?

பக்கத்தில் இருப்பவனுக்கு நம் மைக் கேட்கும். "வாங்க சார், இன்னா வேணும்?" என்றேன்.

அவன் ஒரு கணம் அசந்து நின்றான். பிறகு என் தலையில் சுட்டான்.

மோனிஷா அறைக்குள் சிரித்த சிரிப்பில் அவள் ஆபீஸ் மீட்டிங்கே நின்றுபோயிருக்கும்.

ஜூன் 2, திங்கள்

மோனிஷா தனக்குத் தெரிந்த ஒரு ஆட்டக்காரனை எனக்குக் கூட்டாக்கிவிட்டாள். பெயர் வில்பிரட். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவன். வயது நாற்பது இருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள். விடியும் முன்னால் போய் மரம் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்துப் போட்டுவிட்டால் பகலில் ஓய்வு. இப்போது அங்கே மழைக்காலம், பாதி நாள் வெட்டே இல்லை.

"அண்ணே, நீங்க கண்ண நம்பி நடக்கீங்க. அதான் சாவுதீங்க. காத நம்புங்க" என்றான் எடுத்த எடுப்பில். "நாங்க தலையில லைட்ட கட்டிட்டு இருட்டுல தோட்டத்துக்குள்ள போவோம். பன்னி நிக்குதான்னு கண்ணுக்கு எங்க தெரியும்? காதுக்குத்தான் தெரியும்."

அவன் சொன்னதில் எனக்குப் பிடிபட்டவை. உள்ளே இறங்கியதும் முதலில் வெளிவாசல் எந்தத் திசை என்று பார், அப்புறம் சாமானைப் பார். குனிந்து நட. இரும்புத் தகட்டில் கால் வைத்தால் ஊருக்கே கேட்கும், உடைந்த கண்ணாடி அதைவிட மோசம். ஒரு அறைக்குள் போகும் முன் கதவுக்கு வெளியே நின்று கேள். சுட்டால் அந்த இடத்திலேயே நிற்காதே, உன் விலாசத்தை நீயே சொல்லிவிட்டாய்.

"இன்னொண்ணு அண்ணே. நடக்கும்ப சும்மா சும்மா சட்டுனு நின்னு பாருங்க. நீங்க நின்னதும் ஒரு சத்தம் கூடவே நின்னா, அது ஆளு. நீங்க நின்ன பெறவும் கேட்டுட்டே இருந்தா அது மிஷினு, மழை, கடலு. ஒண்ணும் செய்யாது."

சாயங்காலம் வரை அதைத்தான் செய்தேன். நடந்து, நின்று, கேட்டு. ஒரு தடவை நின்றபோது எனக்குப் பின்னால் எதுவோ நின்றது. காதில் மாட்டியிருந்ததால் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. திடும், அப்புறம் ஓர் இழுப்பு, திடும். நன்றாக இல்லாத சத்தம். வண்டியாக இருந்தால் நான் வாங்கமாட்டேன்.

ஜூன் 5, வியாழன்

முதல் தடவை உயிரோடு வெளியே வந்தேன். சட்டை நனைந்துவிட்டது.

இந்த ஆட்டத்தில் என் தொழில் உதவுகிறது. பையில் கட்டம் கட்டமாக இடம் இருக்கிறது. சின்னப் பையன்கள் பெரிய துப்பாக்கியைத் தூக்கிப் பையை அடைத்துக்கொள்கிறார்கள். நான் சின்னது, விலை கூடியது எதுவோ அதைத்தான் தொடுவேன். காரை உடைக்கும்போது கதவைக் கழற்றுகிறவன் முட்டாள். முதலில் டாஷ்போர்டுக்குள் இருக்கிற எலக்ட்ரானிக் பெட்டி. வில்பிரட் அசந்துபோனான். "அண்ணே, நான் ரெண்டு மாசமா மிதிச்சிட்டுப் போன சாமானாக்கும் அது!"

ஆனால் அதே தொழில் காலையும் வாரிவிடுகிறது. புதுப்பேட்டையில் பாதி உடைத்த வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பும்போது பக்கத்துக் கடைக்காரன் மீதியை முடித்திருப்பான். அதனால் செத்தவன் பையைக் கடைசித் தோட்டா வரை நான் உருவாமல் எழுந்திருப்பதில்லை.

"வாருங்க அண்ணே, போதும்."

"இரு, இன்னும் ஒரு கட்டம் இருக்குது."

"பொணம் தூண்டில் அண்ணே! அதப் போட்டுட்டு ஒருத்தன் எங்கயோ ஒக்காந்து பாத்துட்டு இருப்பான்!"

இருந்தான். இரண்டு பேரும் செத்தோம்.

அவன் தோட்டத்து ஜீப்புக்கு டீசல் பம்ப் ஒன்று தேவையாம். கடை நம்பரைக் கொடுத்தேன். முதல் போணியாகக் கூப்பிட்டால் நல்ல விலைக்குத் தருவேன், போணியில் சொன்ன சொல் மாறமாட்டேன் என்று என் வழக்கத்தையும் சொன்னேன்.

ஜூன் 7, சனி

பிரஷர் 140/90.

ஆஸ்பத்திரியில் தேதி மாறிவிட்டது. இருபத்துமூன்றாம் தேதி. டாக்டர் வெளியூர் போகிறார் என்று சுலோச்சனாவிடம் சொன்னேன்.

"அவுங்களே போன் பண்ணாங்களா?"

"ம்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கத்தரிக்காய் நறுக்கப் போனாள்.

ஜூன் 9, திங்கள்

இன்று ஆபரேஷன் நடந்திருக்க வேண்டிய நாள். மழை இல்லை. இட்லி சாப்பிட்டேன்.

ஜூன் 11, புதன்

பால் பாக்கெட் வாங்கக் கீழே இறங்கினேன். கடை இரண்டு வீடு தள்ளித்தான். ஏறும்போது முதல் மாடித் திருப்பத்தில் கொஞ்சம் உட்கார்ந்து கண் அசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் பாக்கெட் உடைந்து படியெல்லாம் பால். முழங்கையில் சிராய்ப்பு. சுலோச்சனா வருவதற்குள் பழைய துணியால் துடைத்துவிட்டேன். வெயிலில் அப்படித்தான், அசத்துகிறது.

ஜூன் 14, சனி

என் லாக்கரில் இப்போது ஒரு நல்ல துப்பாக்கி இருக்கிறது. தூரப் பார்வைக் குழல், சத்தம் அடக்கும் குழாய், எல்லாம் பொருத்தியது. நெஞ்சை முழுக்க மூடும் கவசமும் ஒன்று. இரண்டும் அதிர்ஷ்டத்தில் கிடைத்தவை. ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு இரண்டு பேரும் செத்த இடத்துக்கு நான் முதலில் போய்ச் சேர்ந்தேன். தினமும் லாக்கரைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். ஆட்டத்துக்கு ஓட்டைத் துப்பாக்கியோடுதான் போகிறேன்.

இன்று வில்பிரட் பொரிந்து தள்ளிவிட்டான்.

"அத எப்ப எடுப்பீங்க?"

"நல்ல நாள் வரட்டும்."

"அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி எல்லாருக்க லாக்கரையும் அழிச்சிட்டு ஆட்டத்த முதல்ல இருந்து ஆரம்பிப்பான். தெரியுமா, தெரியாதா?"

தெரியாது. மோனிஷா சொல்லவில்லை.

"அப்பிடின்னா?"

"அப்பிடின்னா, நீங்க எடுத்தாலும் போவும், எடுக்காட்டாலும் போவும். எடுத்தா ஒரு தடவையாவது போட்டுப் பாக்கலாம். இந்தப் பயம் எல்லாருக்கும் வாறதுதான் அண்ணே. எழவு, நல்ல சாமான் இருக்கவன்தான் கூட பயப்படுவான்."

அவனிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் சொல்லாததை. துப்பாக்கி பற்றி இல்லை. வால்வு பற்றி, இருபத்துமூன்றாம் தேதி பற்றி, எஞ்சின் பற்றி. ஒரு தடவை பிரித்துவிட்டால் பழையபடி சேராது, நான் கண்ணால் பார்த்தவன் என்று. அவன் பக்கம் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது.

"நான் ஒருநாள் விட்டு ஒருநாள் மரத்துக்க தோலச் சீவுதேன். சீவுன மரம்தான் இருவத்தஞ்சு வருஷம் பாலு தருது."

"மரம் வேற, எஞ்சின் வேற."

"நீங்க எஞ்சினா?"

மைக்கை அணைத்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சார், இருபத்தொண்ணு அட்மிஷன், கன்ஃபார்ம் பண்ணட்டுமா?"

சம்பந்தி வீட்டில் விசேஷம் இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.

"இன்னொரு தடவை தள்ளக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு சார்."

"நான் டாக்டர்கிட்ட பேசிக்கிறேன்மா."

மோனிஷாவுக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இதை எழுதிவிட வேண்டும்.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆட்டம். சுலோச்சனா கடையில். மோனிஷா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில். நானும் வில்பிரட்டும் துறைமுகத்தின் குளிர்பதனக் கிடங்குக்குள் இறங்கினோம். இதுவரை போகாத இடம். உள்ளே கொக்கிகளில் இறைச்சி தொங்குகிறது. ஒரே ஒரு விளக்கு, அது அணைந்து அணைந்து எரிகிறது. வெளிவாசல் பின்பக்கத்துச் சரக்கு லிஃப்ட். அது கூப்பிட்டால் வந்து கொஞ்ச நேரம்தான் நிற்கும், வரும்போது ஊரைக் கூட்டுகிற இரைச்சல் வேறு.

நல்ல சாமான் கிடைத்தது. பை நிறைந்தது. "எடுத்தது போதும், நடங்க" என்று வில்பிரட் முணுமுணுத்தான். அதிசயமாக நானும் கேட்டேன். நடந்தோம். நின்றோம்.

ஒரு காலடி கூடவே நின்றது.

"கேட்டீங்களா?" என்றான். மூச்சுக் காற்றில் பேசினான்.

"கேட்டேன்."

"ஒருத்தன் இல்ல. ரெண்டு பேரு. ஒருத்தன் மேல, தகட்டுல நிக்கான். அசையாதீங்க. லிஃப்டு வாசல்லதான் காத்துட்டு இருக்கானுவ. நம்மள மாதிரி பையோட வாறவன அங்க வச்சு முடிப்பானுவ."

கொக்கிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்தேன். மேலே தகடு மெல்ல முனகியது. அவன் என்னைத் தேடுகிறான். எங்கேயோ ஏதோ ஒரு ஊரில் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிற பையனாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்தவன் எனக்காகத்தான் வந்திருக்கிறான் என்று தோன்றியது. நெஞ்சு திடும் என்று அடித்து, இழுத்து, இழுத்தபடியே நின்றது மாதிரி இருந்தது. விளக்கு அணைந்தது. இந்தத் தடவை எரியவில்லை.

கண் அசந்துவிட்டேன்.

காதில் யாரோ கத்திக்கொண்டிருந்தான். கன்னம் மேசை விளிம்பில் இருந்தது. கீபோர்டு தரையில். எச்சில் ஒழுகியிருந்தது. திரையில் நான் இன்னும் குந்தியபடியே இருந்தேன். எனக்கு முன்னால் வில்பிரட்டின் ஆள் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். தரையில் இரண்டு பிணம். அவற்றின் பையைக்கூட வில்பிரட் தொடவில்லை. லிஃப்ட் வந்து போயிருந்தது. அவன் போகவில்லை.

"அண்ணே! கஜபதி அண்ணே! யாராவது வீட்டுல இருக்கீங்களா! மோனிஷா!"

"இருக்கேன், இருக்கேன். சாப்ட்ட அசதி. தூங்கிட்டேன்."

அந்தப் பக்கம் மூச்சு இரைத்தது. சண்டை போட்டது நான் இல்லை, அவன்தான்.

"தூங்குனா குறட்ட விடுவான் அண்ணே. சொறிவான். திரும்பிப் படுப்பான். நான் அவ்வளவு நேரம் உங்களுக்க மைக்கு சத்தத்தக் கேட்டுட்டு நின்னேன். ஒண்ணும் இல்ல. மூச்சு கூட இல்ல."

நேரம் முடிந்தது. வெளிவாசல் மூடியது. இரண்டு பேரும் பையோடு உள்ளேயே செத்தோம்.

"நான் உங்களுக்க மோளு மோனிஷாட்ட சொல்லப் போறேன்."

"சொன்னா உன்கூட ஆடமாட்டேன்."

"ஆடாண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஜூன் 18, புதன்

காலையில் கடை போன் அடித்தது. முதல் அழைப்பு. சுலோச்சனா எதிரே உட்கார்ந்து பையில் டிபன் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம், கஜபதி ஆட்டோ ஸ்பேர்ஸ்."

"இன்னைக்கு முதல் போணி நான்தானா அண்ணே?"

வில்பிரட். ஜீப் பம்ப் பற்றித்தான் என்று நினைத்தேன்.

"நீதான். இன்னா வேணும், சொல்லு."

"ஒரு வால்வு."

"எந்த வண்டிக்கு?"

"வண்டிக்கு இல்ல. அம்பத்துநாலு வருஷம் ஓடுன எஞ்சினு. வீட்டுல நிக்குது. வாற திங்கக்கிழம அதுல மாட்டணும். தருவீங்களா, இல்ல முதல் போணிய வெறுங்கையோட அனுப்புவீங்களா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. போனை வைத்துவிடலாம். வைத்தால்? முப்பது வருஷத்தில் போணிக்காரனை நான் ஒரு தடவை கூட 'இல்லை' என்று அனுப்பியதில்லை. சாமான் இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் கடன் வாங்கியாவது கொடுத்திருக்கிறேன். கடை நின்றது இந்த ஒன்றில்தான். இந்தப் பாவி அதைக் கேட்டு வைத்துக்கொண்டு அதையே திருப்பிப் பிடித்திருக்கிறான். நல்ல வியாபாரி. ரப்பர் வெட்டப் போயிருக்கக்கூடாது.

"எனக்குப் பயமாக் கீதுபா" என்றேன். சுலோச்சனா எதிரே இருப்பதை மறந்துவிட்டேன்.

"தெரியும் அண்ணே. எனக்கும் நேத்து பயமாத்தான் இருந்து. லிஃப்டு வந்து நிக்குது, ஓடிரலாம். உங்களுக்க ஆளு அசையல்ல. பயந்துட்டேதான் நின்னேன்."

சுலோச்சனா டிபன் டப்பா மூடியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தருவீங்களா?"

"தரேன்."

"பேச்சு மாறுவீங்களா?"

"போணியில மாறமாட்டேன்னு சொல்லியிருக்கேன் இல்ல?"

போனை வைத்தேன். சுலோச்சனா டிபன் டப்பாவை மூடிவிட்டுக் கேட்டாள்.

"டாக்டர் வெளியூர் போகல, இல்ல?"

"இல்ல."

"படியில பால் வாசன நாலு நாளா அடிச்சுது. வாயத் தொறப்பீங்கன்னு பாத்துனு இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "நம்பரக் குடுங்க. நானே ஆஸ்பத்திரிக்குப் பேசுறேன். நீங்க பேசுனா மறுபடியும் சம்பந்தி வூட்டு விசேஷம் வந்துடும்."

திங்கட்கிழமை நான் போனில் சொன்ன பொய்யை அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஜூன் 20, வெள்ளி

நாளை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். வில்பிரட் என்னை ஆட விடுவதில்லை. போணி வியாபாரத்தில் அதையும் சேர்த்துவிட்டான்.

சாயங்காலம் மோனிஷாவைக் கூப்பிட்டேன். லாக்கரைத் திறந்து அந்தத் துப்பாக்கி, அந்தக் கவசம், எல்லாவற்றையும் மாட்டச் சொன்னேன். "நீ ஆடு. நான் பாக்கிறேன்."

"எல்லாத்தையுமாப்பா?"

"எல்லாத்தையும்."

மூன்று பேரும் திரையைச் சுற்றி உட்கார்ந்தோம். சுலோச்சனா கூட வந்துவிட்டாள். மோனிஷா இறங்கினாள், மதில் ஓரமாக நாலடி வைத்தாள், கிடங்கு மூலையில் திரும்பினாள். டப். திரை கறுப்பு.

துப்பாக்கி ஒரு குண்டு கூடச் சுடவில்லை.

சுட்டவன் பக்கத்தில் வந்து பையைத் திறந்திருப்பான் போல. மைக்கில் ஒரு வாலிபக் குரல், எந்த ஊரோ, "ஐயோ, என்னடா இது! தேங்க்ஸ்ணா!" என்று கத்தியது.

"சாரிப்பா" என்றாள் மோனிஷா. முகம் சுண்டிப்போயிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. சுலோச்சனா முதுகைத் தடவிக்கொண்டே, "சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க" என்று திட்டினாள். அவளும் சிரித்தாள். என்னைக் கொன்றவனுக்கு அது போணியாக இருந்திருக்கும்.

ஆட்டத்தில் செத்தால் மறுபடி எழுப்பிவிடுகிறார்கள். திங்கட்கிழமை அப்படி இல்லை. இது எனக்குத் தெரியாமல் இல்லை. சிரித்ததால் எழுதாமல் விட வேண்டாம் என்று எழுதுகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரி. நர்ஸ் வந்து சொன்னாள்: மோதிரம், செயின், அரைஞாண், கட்டியிருக்கிற கயிறு, எதுவும் உள்ளே எடுத்துப் போகக்கூடாது. எல்லாவற்றையும் கழற்றி சுலோச்சனாவின் பையில் போட்டேன். மோதிரம் விரலில் இறுகிவிட்டது. சோப்புப் போட்டு உருவினாள். நெஞ்சு மயிரை மழித்துவிட்டார்கள். கத்தியால் எங்கே கோடு போடுவார்கள் என்று தெரிகிறது.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இருக்குதும்மா."

"எல்லாருக்கும் இருக்கும்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆனால் கேட்டாளே.

வெளிவாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்தேன். லிஃப்டுக்கு இடதுபுறம்.

ஜூன் 23, திங்கள்

கூப்பிட வந்துவிட்டார்கள். நோட்டை சுலோச்சனாவிடம்

ஜூலை 12, சனி

பிரஷர் 120/80. எழுத்து கோணலாக வருகிறது, பேனாவை அழுத்தினால் நெஞ்செலும்பு வலிக்கிறது. இருமினால் தலையணையைக் கட்டிப்பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தினம் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும்.

சத்தம் மாறிவிட்டது. நான் சொன்னது சரிதான், பிரித்த எஞ்சின் பழையபடி சேராது. டிக், டிக் என்று உள்ளே உலோகம் அடிக்கிறது. முதல் நாள் அது என்னவென்று தெரிந்ததும் விடிய விடியக் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். பொத்தினால் இன்னும் நன்றாகக் கேட்கிறது. இப்போது பயம் மாறிவிட்டது. இடையில் ஒரு டிக் விட்டுப்போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

"செவுத்துக் கடியாரத்த பக்கத்துல போட்டுனு படுத்தா மாதிரி கீது" என்கிறாள் சுலோச்சனா. ஆனால் தள்ளிப் படுப்பதில்லை. கடையை இன்னும் அவள்தான் திறக்கிறாள். திருப்பித் தருவாளா என்பது சந்தேகம்.

மதியம் மோனிஷா வெளிச் சத்தம் வராதபடி வீட்டு ஜன்னலையெல்லாம் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தாள். ஆடுவதற்கு இல்லை, பேசுவதற்கு. ஒன்றாம் தேதி எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். என் லாக்கரில் ஒரு கத்தியும் ஒரு பாண்டேஜும் கிடந்தன. எல்லாருக்கும் அதேதான்.

வில்பிரட் ஏற்கெனவே துறைமுகத்து மதிலோரம் நின்றுகொண்டிருந்தான். நானும் இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றேன். மைக்கை மட்டும் நெஞ்சுப் பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"வந்துட்டேன்பா" என்றேன்.

அவன் ஆள் குனிந்து மதிலோடு ஒட்டிக்கொண்டான். எனக்கு உடனே தெரிந்தது, அவன் எதையோ கேட்கிறான்.

"அண்ணே, சத்தம் போடாதீங்க" என்றான் மூச்சுக் காற்றில். "டிக் டிக்குன்னு ஏதோ கேக்குது. பக்கத்துல யாரோ நிக்கான். அசையாம நில்லுங்க, அதுவும் நிக்குதான்னு பாப்போம்."

நின்றேன். கையைக்கூட மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அது நிற்கவில்லை.